முந்நூறு கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி பத்து நிமிடம்?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். மகளுக்கு விரும்பிய ஊருக்கே மாற்றல் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. அம்மாவை அழைத்துக்கொண்டு விமானத்தில் போய்வர எண்ணியிருப்பதையும், இரு விமான நிலையங்களுக்கும் இடையே 300 கிலோமீட்டர்தான் என்றிருக்க, பயணச்சீட்டில் ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருப்பது ஏன் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்த 300 கிலோமீட்டர், பூமிப் பந்தின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். விமானிகள் கணக்கில் ஏறக்குறைய 162 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆனால் விமானம் அந்தக் கோட்டை அப்படியே பிடித்துப் போவதில்லை. பொதுவாக எதிர்காற்றில்தான் கிளம்பவும் இறங்கவும் வேண்டும் என்பதால், கிழக்கே போகவேண்டிய விமானம் சில நாட்களில் மேற்கு நோக்கிக் கிளம்பி, வளைந்து திரும்பித்தான் தன் வழிக்கு வரும். நெடும்பயணத்தில் இந்தச் சுற்று ஒரு பொருட்டல்ல. இங்கே அது உறைக்கும்.

சிறு நிலையங்களுக்கிடையே பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72 போன்ற, விசிறி சுழலும் டர்போபிராப் விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 36 நிமிடம் போதுமே என்று தோன்றும். ஆனால் அது உயரே சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஜெட் விமானமானாலும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மிச்சமாகாது. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு (விமானிகள் பேச்சில் 250 ‘நாட்’), அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போக விதி இடம் தருவதில்லை.

மேலும், சீட்டில் உள்ள நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். பல சிறிய நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையாக வேறு பாதை கிடையாது. விமானம் ஓடுபாதையிலேயே மறுகோடி வரை மெல்ல உருண்டு போய், அங்கே அரைவட்டம் அடித்துத் திரும்பிய பிறகே ஓட்டம் எடுக்கும். அதுவரை இறங்க வருகிற விமானம் வானில் காத்திருக்கும். தாமதத்துக்கென்று நிறுவனம் சில நிமிடங்களையும் சேர்த்தே நேரம் குறிக்கும். எதிர்காற்று, பின்காற்றைப் பொறுத்து, போகும் நேரமும் திரும்பும் நேரமும் மாறலாம்.

ஆகையால் கிலோமீட்டரை விட்டுவிட்டு, வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ரயிலைவிட இரண்டு மணியாவது மிச்சமானால்தான் அம்மாவுக்கு இந்த அலைச்சல் தகும் என்பது என் எண்ணம். விமானம்தான் என்று முடிவானால், ஏடிஆரில் பயணிகள் ஏறும் வாசல் பின்பக்கம் இருப்பதால் கடைசி வரிசைகளில் இருக்கை கேளுங்கள், நடை குறையும். வாசலில் சில படிகள் ஏறவேண்டியிருக்கும், ஆகவே சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பயணத் தேதி முடிவானதும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்