இறக்கையில் கை வைத்துப் பார்த்த பிள்ளைக்கு

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறோம்.

போனில் எனக்கு வார்த்தை ஒழுங்காக வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். இந்தக் காலத்தில் யார் பேப்பரில் எழுதுகிறார்கள் என்று அம்மா கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஸ்காபரோவில் சரியான குளிர். நேற்றும் வாசலில் ஸ்னோ அள்ளினேன். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஊசி போட்ட டொக்டரிடம் மாசியில் திரும்பப் போக வேண்டும். மாமி வீட்டுப் பிரச்சினையும் அப்படியேதான், அதை எழுதினால் இந்தத் தாள் போதாது. பொங்கலுக்குப் பால் பொங்கும்போது உன் போனுக்காக அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு நின்றோம். நீ எடுக்கவில்லை. பரவாயில்லை, பறப்பில் இருந்திருப்பாய். வடக்கே எல்லா ஊரிலும் சிக்னல் கிடைக்காது என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்தக் குளிரில் வெறும் கோப்பியோடு நிற்காதே. கையுறையை மறக்காதே. இரண்டு சோடி கொண்டு போ. ஒன்று நனைந்தால் மற்றது.

அன்றைக்கு நீ கதைத்தபோது லைன் சரியில்லை என்று நினைக்கிறேன். நீ சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. ஆனாலும் கேட்ட மட்டும் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். காலை, நல்ல வெயில், வானத்தில் முகில் கிடையாது. பயணிகள் எல்லோரும் ஏறி இருந்துவிட்டார்கள். நீ ஏணி வைத்து ஏறி, கையுறையைக் கழற்றி, இறக்கையின் மேல் வெறுங்கையால் தடவிப் பார்த்தாய். உறைபனி. கப்டனிடம் சொன்னாய். அவரும் வந்து பார்த்தார். பனியைக் கரைக்கிற மருந்தைச் சூடாக்கி அடித்து முடிக்க இரண்டரை மணித்தியாலம். வின்னிபெக்கில் பலருக்கு அடுத்த விமானம் தவறிப்போனது. அப்புறம் அந்த முறைப்பாடு. உன் பேரைக் குறிப்பிட்டு, வெயில் எறிக்கிற நாளில் இந்தப் பெண் வேண்டுமென்றே பிந்த வைத்தாள் என்று.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. டொக்டரிடம் போக மூன்று மாதம் காத்திருந்தவர் என்றாய். அங்கிருந்து ரோட்டும் கிடையாது, விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. என் முழங்காலாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். வானம் தெளிவாக இருக்கிற இரவில்தான் பனி இறங்கும்.

நாங்கள் அதைச் சின்ன வயதிலேயே தோட்டத்தில் படித்தோம். மார்கழி, தையில் முகில் மூடிக்கிடக்கிற இரவு என்றால் விடிய வெங்காயத் தாள் காய்ந்து கிடக்கும். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்த இரவென்றால் சாரம் முழங்கால் வரை நனையும். அப்பு வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், நாளைக்குப் பனி என்று. வெளியில் கிடக்கிற எதுவும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்து போகிறது, முகில் இருந்தால் போர்வை மாதிரி அது கொஞ்சத்தைத் தடுத்துவிடும். விமானத்தின் இறக்கையும் அப்படித்தானே. உயரத்தில் பறந்து வந்த விமானமென்றால் தாங்கியில் இருக்கிற எரிபொருளே இறக்கையைக் குளிர வைக்கும், வெளியில் பூச்சியத்துக்கு மேலே இருந்தாலும் படியும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். யன்னலால் நீல வானத்தைப் பார்க்கிற ஆளுக்கு இது எப்படித் தெரியும்? யாராவது மைக்கில் இரண்டு நிமிடம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். அது உங்கள் பக்கத்துக் குறைதான். அடுத்த முறை சொல்லு.

நீ பறக்கப் படிக்கத் தொடங்கிய வருடம் நத்தாருக்கு வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? கணக்கியலை விட்டுவிட்டு வந்த கோபத்தில் நான் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ கராஜுக்குள் போய், நான் கதவு தேய்க்க வைத்திருந்த சாண்ட்பேப்பரில் முரடான தாளாகப் பார்த்து எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் என் கையில் வைத்தாய். "தடவிப் பாருங்கோ அப்பா. இந்தளவு சொரசொரப்பு இறக்கை முழுக்க இருந்தால் தூக்குகிற விசை 30 வீதம் குறையும், பின்னுக்கு இழுக்கிற விசை 40 வீதம் கூடும்" என்றாய். நான் தாளைத் தடவிவிட்டு, சரி, சாப்பிடு என்றேன். உள்ளே எனக்கு என்ன பெருமை என்று உனக்குத் தெரியாது. அடுத்த நாள் வேலையிடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை.

பெருமை இருக்கட்டும். நீ இப்படி மூன்று கிழமை வாய் மூடி இருப்பதும் சரியில்லை. மெசேஜுக்கு ஒரு கைவிரல் படம் அனுப்பினால் அது பதிலா? அம்மா ஒவ்வொரு நாளும் தண்டர் பேயில் எத்தனை டிகிரி என்று பார்க்கிறாள். கம்பெனியில் கூப்பிட்டுக் கதைப்பார்கள் என்றாயே, கூப்பிட்டார்களா? என்ன கேட்டார்கள்? நீ சொன்னதற்கு எழுத்தில் பதிவு இருக்கிறதா? எல்லாவற்றையும் எழுதி வை, தேதி, நேரம், எத்தனை டிகிரி, யார் பார்த்தார்கள் என்று. கப்டனும் பார்த்துத்தானே முடிவெடுத்தார்? அவர் உன் பக்கம் நிற்பாரா? எழுதி வை பிள்ளை.

டிரைடன் விபத்து உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். எனக்கு அது பாடத்தில் வரவில்லை, டிவியில் வந்தது. 1989 மார்ச் 10. நான் கனடாவுக்கு வந்து முதல் குளிர்காலம். சித்தப்பாவின் பேஸ்மெண்டில் ஏழு பேர் இருந்தோம். இங்கிலீஷ் செய்தி பாதிதான் விளங்கும், ஆனால் ஸ்னோவுக்குள் எரிந்து கிடந்த விமானமும் முறிந்த மரங்களும் விளங்குவதற்குப் பாஷை தேவையில்லை. தண்டர் பேயிலிருந்து வின்னிபெக் போகிற விமானம், இடையில் டிரைடனில் இறங்கியது. உன் வழிதான் அது. நீ அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் ஏன் இரண்டு நாள் பேசாமல் திரிந்தேன் என்று இப்போது விளங்கும்.

பிறகு வேலையிடத்தில் அதைப் பற்றி நிறையக் கதைத்தார்கள். நீதிபதி மோஷான்ஸ்கியின் விசாரணை அறிக்கை 1992இல் வந்தபோது, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அந்த ஃபொக்கர் எஃப்-28இல் எஞ்சினை மறுபடி கிளப்ப உதவுகிற சின்ன இயந்திரம் பழுது. டிரைடனில் வெளியிலிருந்து கிளப்புகிற வசதியும் இல்லை. அதனால் ஒரு எஞ்சினை நிறுத்தாமலே நின்றார்கள். அந்த விமானத்தில் எஞ்சின் ஓடும்போது மருந்து அடிக்கக்கூடாது. ஏற்கெனவே பிந்திவிட்டது, வின்னிபெக்கில் அடுத்த விமானம் பிடிக்க வேண்டிய பயணிகள். ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. 69 பேரோடு ஓடி, எழும்ப முடியாமல் மரங்களுக்குள் போய் விழுந்தது. 24 பேர் போய்விட்டார்கள், விமானிகள் இரண்டு பேரும் அதில்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அது இல்லை. இறக்கையில் ஸ்னோ இருந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள். பணிப்பெண் கண்டார். பயணிகளாக வந்த விமானிகள் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள், அவர்களும் கண்டார்கள். ஒருவரும் முன்னுக்குப் போய்ச் சொல்லவில்லை. கப்டனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள். அவருடைய வேலையில் நாம் தலையிடக்கூடாது என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். விமானப் பணிக்குழுவில் யார் கண்டாலும் உடனே கப்டனிடம் சொல்ல வேண்டும், சொன்னால் விமானிகளில் ஒருவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நீ செய்தது அதுதான்.

பிள்ளை, அன்றைக்கு லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது. நான் சொன்னதும் உனக்குக் கேட்டிருக்கும். "அது கப்டன்ரை வேலை, நீ ஏன் முந்தி வாயைத் திறந்தனி? பேசாமல் இருந்திருக்கலாமே" என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "சரி அப்பா, வைக்கிறேன்" என்றாய்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று கிழமையாக எழுத முயல்கிறேன். இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

1994 தை மாதம். உனக்கு அப்போது இரண்டு வயதும் ஆகவில்லை. நான் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. எங்கள் நிரந்தர வதிவிடக் கடிதம் இன்னும் வரவில்லை. ஒரு விடியற்காலை படிக்கட்டு வண்டியை ஒரு சின்ன ஜெட்டின் கதவடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு மேலே ஏறினேன். விளக்கு வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தால் இறக்கையின் மேல் வெள்ளை. தடிப்பாக இல்லை. கோலமாவை உள்ளங்கையில் வைத்து ஊதியது போல, மெல்லிசாக, இறக்கை முழுக்க. பக்கத்தில் நின்ற விமானத்துக்கு மருந்து லொறி வந்தது. இதற்கு வரவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் கீழே நின்று கையைக் காட்டிக் கத்துகிறார், படிக்கட்டை எடு, எடு என்று. எனக்கு டிரைடன் தெரியும். அந்த அறிக்கையை வாசிக்கக் கேட்டவன். ஆனால் என் இங்கிலீஷில் நான் யாரிடம் போய் என்ன சொல்வது, சொல்லிப் பிழையாகப் போனால் வேலை போகுமா, வேலை போனால் கடிதம் வருமா, உன் பால்மாவுக்கு என்ன செய்வது என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. கப்டன் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு படிக்கட்டைப் பின்னுக்கு எடுத்தேன்.

அது ஓடி எழும்பிப் போனது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று நான் எண்ணவில்லை, ஆனால் ஒரு தாய் கைக்குழந்தையைப் போர்வையால் மூடிக்கொண்டு ஏறியது தெரியும். மத்தியானம் வரை சாப்பாட்டு அறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிவிட்டது. ஒன்றும் நடக்காததால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. நீ சாண்ட்பேப்பரை என் கையில் வைத்த அன்று வாய் வரை வந்தது. சரி, சாப்பிடு என்றுதான் சொன்னேன்.

அன்றைக்குப் போனில் உன்னைப் பேசாமல் இருக்கச் சொன்னது அந்தப் படிக்கட்டில் நின்ற ஆள்தான். எனக்கு உன்னை நினைத்துப் பயம். வேலை போய்விடுமோ, பேர் கெட்டுவிடுமோ என்ற அதே பயம். ஆனால் நீ ஏணியில் ஏறினாய், கையுறையைக் கழற்றினாய், கீழே இறங்கி வந்து சொன்னாய். உனக்குப் பின்னால் அத்தனை பேர் கத்திக்கொண்டு இருக்கும்போது சொன்னாய். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த முறையும் சொல்லு. அதற்கடுத்த முறையும். கம்பெனியில் என்ன முடிவு வந்தாலும் சொல்லு. வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியே இருக்கிறது.

அம்மாவுக்கு இதை நானே சொல்கிறேன். நீ முந்திவிடாதே. மாசியில் அவளை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது காருக்குள் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இதோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். மிளகாய்த்தூள் அம்மா வறுத்து இடித்தது, அரை கிலோ. பருத்தித்துறை வடை உடையாமல் வர டின்னில் போட்டிருக்கிறேன். கப்டனுக்கும் கொடு. கையுறை இரண்டு சோடி, உள்ளே கம்பளி வைத்தது, சட்டென்று கழற்றக்கூடிய மாதிரிப் பார்த்து வாங்கினேன். கடையில் அம்மா கேட்டாள், கழற்றுவதற்கா கையுறை வாங்குகிறீர்கள் என்று.

இரவு 11 மணியானாலும் போன் எடு. நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா