கோலுக்கு உதைக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெல்பேர்னில் நம் வீடுகள் பலவற்றில் இப்போது கிரிக்கெட்டோடு ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தும் ஓடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ ஒரு கிளப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், கொஞ்ச நாளில் பெற்றவர்களும் அதே கிளப்பின் ஸ்கார்ஃபைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கடிதத்துக்கு உங்கள் பத்திரிகையில் இடம் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். ஃபுட்டியின் பெரிய கிளப்புகள் மோதும் ஏஎஃப்எல் ஆட்டங்களில், கோலுக்கு எதிரே நல்ல தூரத்தில் பந்தைப் பிடித்துவிட்டு, உதைக்கும் முழு உரிமையும் கையில் இருக்கும்போதே ஆட்டக்காரர்கள் அக்கம்பக்கம் பார்த்து வேறு யாரிடமாவது அதைத் தள்ளிவிடுகிறார்கள். வாரத்துக்கு வாரம் இதைப் பார்க்கிறேன். இதற்கு ‘சுயநலமில்லாத ஆட்டம்’ என்று பாராட்டு வேறு கிடைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. பெரும்பாலான நேரம் இது பயம்தான், அந்தப் பயத்துக்குப் பொறுப்பு அந்தப் பையன்கள் இல்லை, அவர்களைப் பழக்குகிறவர்கள்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைக்கப்பட்ட பந்தை இடையில் தரையிலோ இன்னொருவர் மேலோ படாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவரை யாரும் தொடக்கூடாது. எதிரணியில் ஒருவர் மட்டும் அந்த இடத்தில் முன்னால் நிற்கலாம், 2021இல் வந்த விதிக்குப் பிறகு அவரும் அசையாமல் நிற்கவேண்டும். கோலுக்கு உதைக்கப்போகிறேன் என்றால் 30 விநாடி நேரம் உண்டு. நடுவில் உள்ள உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே 6.4 மீட்டர் இடைவெளி, அதில் போனால் 6 புள்ளி. அதற்கு இரு பக்கமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனால் அது பிஹைண்ட், 1 புள்ளி. இப்படி நின்று நிதானமாக உதைப்பதுதான் செட் ஷாட். ஆள் மேல் ஆள் விழுந்து புரளும் இந்த விளையாட்டில், மற்ற எல்லாரும் ஒதுங்கிக்கொண்டு ஒருவனுக்கு மட்டும் வழிவிட்டு ‘உனக்கு நேரம் இருக்கிறது, உதை’ என்று சொல்கிற சந்தர்ப்பம் இது. அதைப் போய் வேண்டாம் என்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்வதில் கணக்கும் சரியாக வரவில்லை என்பதுதான் என் கோபம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், நேர் எதிரே 45 மீட்டரிலிருந்து ஒருவர் 10 தடவை உதைத்தால் 5 கோல் போகும். அவர் உதைக்காமல், கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் தோழருக்குப் பந்தை அனுப்புகிறார். அங்கே இரண்டு மூன்று எதிராளிகள் நிற்பார்கள், ஆகவே 10க்கு 7 தான் பிடிபடும். பிடித்த அந்த 7இலும் கிட்டத்தில் இருக்கிறார் என்பதற்காக எல்லாமே உள்ளே போய்விடாது, 10க்கு 7 என்ற கணக்கில் வைத்தால் மொத்தத்தில் 5 கோலுக்குச் சற்றுக் குறைவுதான் மிஞ்சுகிறது. இவ்வளவு சுற்றியும் கிடைத்தது ஒன்றுமில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது, செட் ஷாட் தவறினால் பெரும்பாலும் ஒரு புள்ளியாவது வரும், பாஸ் தவறினால் ஒன்றும் வராது, பந்தைப் பறித்தவன் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்துவிடுவான்.

எல்லாப் பாஸும் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஓரத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி மாட்டிக்கொண்டவர், நேர் எதிரே 15 மீட்டரில் யாரும் காவல் இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தோழருக்குக் கொடுக்காவிட்டால்தான் தப்பு. எதிர்க்காற்றில் 55 மீட்டரிலிருந்து உதைத்துப் பந்து கோலுக்கு முன்னாலேயே விழுந்தால் அதுவும் எதிரணிக்குத்தான் லாபம். இதெல்லாம் சரி. நான் சொல்வது, 35 மீட்டரில் நேராக நின்றுகொண்டு, பின்னால் திரும்பி யாராவது ஓடிவருகிறார்களா என்று தேடுகிற கண்களைப் பற்றி. அந்தக் கண்களை டிவியில் கிட்டத்தில் காட்டும்போது யாருக்கும் தெரியும், அது வியூகம் வகுக்கிற பார்வை இல்லை.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் ஆட்டம் 2008 கிராண்ட் ஃபைனல், அதாவது அந்த சீசனின் இறுதி ஆட்டம். அந்த சீசனின் லீக் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் தோற்ற ஜீலாங், ஹாதோர்னுடன் மோதியது. ஜீலாங் 11 கோல் 23 பிஹைண்ட், மொத்தம் 89. ஹாதோர்ன் 18 கோல் 7 பிஹைண்ட், மொத்தம் 115. நியாயமாகச் சொல்லவேண்டும், அந்த 23இல் 11 பிஹைண்டுகள் ஹாதோர்ன் ஆட்டக்காரர்களே வேண்டுமென்று தங்கள் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டவை, அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு விதியையே மாற்றினார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஜீலாங் அடித்த கோலைவிட விட்ட கோல் அதிகம். 2010 கிராண்ட் ஃபைனலில் காலிங்வுட் 9 கோல் 14 பிஹைண்ட், செயின்ட் கில்டா 10 கோல் 8 பிஹைண்ட், இரண்டு பேரும் 68. அந்த 14இல் ஒன்றே ஒன்று கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் அடுத்த சனிக்கிழமை மறுபடி ஒரு கிராண்ட் ஃபைனல் ஆடவேண்டிய தேவையே வந்திருக்காது.

இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்த பையன், ‘நான் ஏன் அந்தப் பழியைச் சுமக்கணும்’ என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. தவறினால் அரங்கமே கத்துகிறது, ஆட்டம் முடிந்ததும் பந்தயத்தில் பணம் விட்டவர்கள் அவன் கைபேசிக்கு வசைச் செய்தி அனுப்புகிறார்கள். பாஸ் கொடுத்து அது வீணாகிப்போனால் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. 2019இல் வந்த மாற்றமும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. பிஹைண்ட் விழுந்ததும் எதிரணிக்காரர் கோல் சதுரத்திலிருந்து பந்தோடு நேரே ஓடி வெளியேறலாம், முன்பு அதற்குப் பந்தைத் தனக்குத்தானே ஒரு தடவை உதைத்துக்கொள்ளவேண்டும். தவறின உதைக்கு விலை கூடிவிட்டது என்று பயிற்சியாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் முழு உண்மை அதில்லை. பழைய காலத்து ஃபுல் ஃபார்வர்டுகள், 1360 கோல் அடித்த டோனி லாக்கெட், 1254 அடித்த ஜேசன் டன்ஸ்டால் போன்றவர்கள், பெரும்பாலும் கோல் பக்கத்திலேயே நின்றார்கள், கோலுக்கு உதைப்பதுதான் அவர்கள் தொழில். இன்றைய ஃபார்வர்டு மைதானத்தின் பாதியைத் தாண்டிப் பின்னால் ஓடி, எதிராளியைத் துரத்தி, திரும்ப முன்னால் ஓடிவந்து மூச்சு வாங்க வாங்கத்தான் மார்க் பிடிக்கிறார். இதயம் படபடவென்று அடிக்கும்போது 40 மீட்டர் தூரத்துக்குக் குறி பார்க்கவேண்டும். இதற்கு அவரை எப்படித் தயார் செய்கிறார்கள்? தொடைத் தசை, இடுப்புத் தசை பிடித்துக்கொள்ளும் என்று வாரத்தில் இத்தனை உதைதான் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கையிலும் பெரும்பங்கு மைதானத்தில் பாஸ் கொடுத்துப் பழகுவதற்கே போய்விடுகிறது. பயிற்சி முடிந்து கடைசியில், சிரித்துப் பேசிக்கொண்டு, இளைப்பாறின காலோடு நாலைந்து உதை. ஒரு பேட்ஸ்மேனை வலைப்பயிற்சியில் வேகப்பந்தே போடாமல் பழக்கிவிட்டு மேட்சில் போய் ஆடு என்று அனுப்பினால் எப்படியிருக்கும், அப்படித்தான் இது.

செட் ஷாட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்கள் காலையே பார்க்கிறார்கள், தவறு பெரும்பாலும் கையில் நடக்கிறது. டிராப் பண்ட் என்கிற உதையில் பந்து நட்டக்குத்தலாகக் கையை விட்டு இறங்கி, காலில் பட்டதும் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு நேராகப் போகும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, கடைசி அடியில் ஒரு கையை எடுத்துவிட்டு, மற்றக் கையால் பந்தைக் கால் வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும். உயரத்திலிருந்து விட்டால் இறங்குகிற வழியில் பந்து சாய்ந்துவிடும், காற்று அடித்தால் இன்னும் மோசம். உடலுக்குக் குறுக்கே விட்டால் கால் அதைத் தேடி வளைந்து வரும், பந்து ஓரமாகப் போகும். களைத்தவனுக்கு இந்தக் கைதான் முதலில் தடுமாறுகிறது, தலை பின்னால் சாய்கிறது. எல்லாமே பழக்கத்தால் சரியாகிற காரியங்கள். எசெண்டனின் மேத்யூ லாயிட் ஒவ்வொரு தடவையும் புல்லைக் கிள்ளி மேலே போடுவார், காலுறையை இழுத்துவிடுவார், அப்புறம் அளந்துவைத்த மாதிரி ஓடிவருவார். கூரை மூடிய மைதானத்திலும் புல்லைப் போடுகிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. காற்றுக்காக மட்டும் இல்லை அது, மனசை ஒரே தடத்தில் வைப்பதற்கு. அவர் 926 கோல் அடித்தார். அவருக்கு முன்னால் பீட்டர் ஹட்சன், இன்று யாரும் கற்றுக்கொடுக்காத ஃபிளாட் பண்ட் உதையை வைத்துக்கொண்டு 129 ஆட்டத்தில் 727 கோல் அடித்தார். பாணி எதுவானாலும் சரி, தனக்கென்று ஒன்று இருக்கவேண்டும்.

இப்போது பலர் நேராக உதைக்காமல், பக்கவாட்டில் இரண்டடி வைத்து வளைத்து அடிக்கிற ஸ்னாப் உதைக்குப் போய்விட்டார்கள். ஜீலாங்கின் ஸ்டீவ் ஜான்சன் ஓரத்திலிருந்து அதை அடித்தபோது கண்ணுக்கு விருந்து, கோணம் இல்லாத இடத்தில் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் நேர் எதிரே 25 மீட்டரிலும் அதையே அடிக்கிறார்கள் என்றால், நேரான உதை மேல் நம்பிக்கை போய்விட்டது என்றுதானே அர்த்தம்.

நம்பிக்கை இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். 2018 கிராண்ட் ஃபைனல், ஆட்டம் முடியும் தறுவாய், காலிங்வுட் முன்னிலை, எம்சிஜியில் ஒரு லட்சம் பேர். வெஸ்ட் கோஸ்டின் டோம் ஷீட் எல்லைக்கோட்டுப் பக்கம், கோல் கம்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டினமாதிரி தெரிகிற கோணத்தில் மார்க் பிடித்தார். அவர் ஃபார்வர்டு கூட இல்லை, மிட்ஃபீல்டர். வேலிக்கு அந்தப்பக்கம் காலிங்வுட் ரசிகர்கள் கத்துகிறார்கள். கொடுத்துவிட்டு ஒதுங்க இதைவிட நல்ல சாக்கு யாருக்கும் கிடைத்திருக்காது. அவர் பின்னால் நடந்துபோய், ஓடிவந்து, சாதாரண டிராப் பண்ட் உதைத்தார். கோல். வெஸ்ட் கோஸ்ட் 5 புள்ளியில் ஜெயித்தது. 1996இல் சிட்னியில் எசெண்டனுக்கு எதிரான பிரிலிமினரி ஃபைனலில், அதாவது கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய சுற்றில், புள்ளிகள் சமமாக இருந்தபோது சிட்னி அணிக்காக லாக்கெட் ஆட்டத்தின் கடைசி உதையை வெகு தூரத்திலிருந்து உதைத்தார். கோல் இல்லை, பிஹைண்ட்தான். அந்த ஒரு புள்ளியில் சிட்னி கிராண்ட் ஃபைனலுக்குப் போனது.

என்னை எழுதவைத்தது இந்தப் பெரிய ஆட்டங்கள் இல்லை. சின்னப்பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். பத்துப் பதினொரு வயதுப் பையன், நம் பையன், கோலுக்கு எதிரே அழகாக மார்க் பிடித்தான். முகமெல்லாம் சிரிப்பு. கோலை நிமிர்ந்து பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு யாருக்குக் கொடுக்கலாம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். வேலி ஓரத்திலிருந்து அவன் அப்பா, “தம்பி, குடுத்துடு, குடுத்துடு!” என்று கத்தினார். அவன் ஹேண்ட்பால் கொடுத்தான், அதாவது பந்தைக் கையால் குத்தி அனுப்பினான், அது கீழே விழுந்தது, எதிரணி எடுத்துக்கொண்டு போய்விட்டது. பயிற்சியாளர் கைதட்டி, “நல்ல யோசனை” என்றார். அந்தப் பையனுக்கு 20 மீட்டர் உதைக்கத் தெரியும், ஆட்டத்துக்கு முன்னால் உதைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை மார்க் பிடித்துவிட்டு கோலை நோக்கி நின்றால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். சாயந்திரம் பார்க்கில் நாலு சுற்று ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே பத்து உதை உதைக்கச் சொல்லுங்கள், தவறினால் பந்தை எடுத்துக்கொடுத்து அடுத்ததை உதைக்கச் சொல்லுங்கள், வேறு பேச்சு வேண்டாம். பெரிய கிளப்புகளின் பயிற்சியாளர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போவதில்லை, ஆனால் நம் பகுதிக் கிளப்புகளில் சனி ஞாயிறு உதவிக்குப் போகிற நம்மவர்கள் சிலர் படிப்பார்கள். கோலுக்கு உதைக்கிற பயிற்சியைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாமல் ஓட்டப் பயிற்சிக்கு நடுவிலேயே வையுங்கள்.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஃபுட்டி முடிவுகளை மொத்தப் புள்ளியோடு மட்டும் போடாமல், கோல் எத்தனை, பிஹைண்ட் எத்தனை என்று பிரித்துப் போடுங்கள். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
மெல்பேர்னிலிருந்து ஒரு வாசகர்