ஆதாமின் பற்று யார் கணக்கில்?

மார்த்தாண்டம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாத குற்றம் என்மேல்தான். அம்மாவின் முட்டுவலி அப்படியே இருக்கிறது. மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய் மூன்று வாரம். நீ வராமல் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கால் வைப்பதில்லை என்ற சத்தியத்தையும் நான் மீறவில்லை. சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

தங்கச்சியின் குழந்தை தவறிப்போயிற்று. பிறந்து ஒன்பதே நாள், ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. அடக்க ஆராதனையில் பேசியவர், இந்தப் பிள்ளையும் ஆதாமின் குற்றத்தோடுதான் பிறந்தது, அதன் மரணமே அதற்குச் சாட்சி என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு அவள் என்னிடம், "அண்ணா, பிள்ளை என்ன செய்தது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து, ஆதாமின் பாவத்தையும் கிறிஸ்துவின் நீதியையும் பவுல் ஒப்பிட்டு எழுதும் ரோமர் 5-ஐ மூட முடியவில்லை. நம் வேதாகமம் 12-ஆம் வசனத்தில் "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்கிறது. பழைய திருச்சபைப் போதகர் அகுஸ்தீன் படித்த லத்தீனில் அது "அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்" என்கிற மாதிரி இருந்தது. ஒரு சொல்லில் எத்தனை தூரம் பார்! ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக லேசானது என்று அவர் முடித்தார். லேசானதாம். அதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

உடனே நீ என்னைப் பெலாகியன், அதாவது பிறவிப் பாவமே இல்லை என்ற பெலாகியுவின் ஆள், என்பாய், இறையியல் கல்லூரியில் படித்த திமிரில். இல்லை லேய். மனுஷனுக்குள் பாவச் சுபாவம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை என் கோபத்திலேயே தினமும் பார்க்கிறேன். 418-இல் கார்த்தேஜ் சங்கத்தில் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது சரிதான். சுபாவம் வேறு, குற்றம் வேறு என்பதுதான் என் பேச்சு. அப்பாவின் இருமல் பிள்ளைக்கு வரலாம். அப்பா கடையில் வைத்த பற்றைத் தொட்டிலில் கிடப்பதன் பேரில் எழுதலாமா? குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்கிறதே.

ஆனால் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன். ஆதாமின் குற்றம் என் கணக்கில் வராது என்றால், கிறிஸ்துவின் நீதி மட்டும் எப்படி வரும்? பவுல் இரண்டையும் ஒரே தராசில் அல்லவா வைக்கிறார்? இரண்டு நாள் இதிலேயே தூக்கம் போயிற்று. அப்புறம் பிலேமோன் நிருபம் கண்ணில் பட்டது. பிலேமோனின் அடிமை ஒநேசிமுவின் கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பவுல் தானே முன்வந்து கேட்கிறார். மனசார ஏற்றுக்கொண்ட கடன் அது. ஆபிரகாமுக்கும் விசுவாசித்தபோதுதான் நீதியாக எண்ணப்பட்டது. அந்தப் பிள்ளை எதை ஏற்றுக்கொண்டது, எதை மறுத்தது? "நியாயப்பிரமாணம் இல்லாதிருந்தால் பாவம் எண்ணப்படமாட்டாது" என்று ரோமர் 5-இன் 13-ஆம் வசனமே சொல்கிறது. ஆனாலும் மோசே வழியாய் அந்தப் பிரமாணம் வருமுன்னே, ஆதாமுக்கும் மோசேக்கும் நடுவில் ஜனங்கள் செத்தார்களே என்று பவுலே 14-இல் தொடர்கிறார். அங்கேதான் என் வாதம் தள்ளாடுகிறது. என்னை நீ மடக்குவதானால் அங்கேதான் மடக்குவாய்.

மடக்கு, எனக்கு வருத்தமில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை ஊருக்கு வா. நான் சொன்னால் அண்ணன் சமாதானம் சொல்கிறான் என்று நினைக்கிறாள், நீ சொன்னால் கேட்பாள். தாவீது தன் குழந்தை இறந்தபோது "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல்" என்றானே, அந்தப் பக்கத்தில் தாள் வைத்திருக்கிறாள். அதற்கு மேல் வாசிக்க மாட்டேன் என்கிறாள்.

பேருந்து ஏறினதும் போன் போடு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்