பாகத்தை மாற்றும் முன் வோல்ட்டை அளக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் பைக்குகள் நடுரோட்டில் திடீரென்று அணைவதும், மெக்கானிக் வந்து பார்க்கும்போது எதுவும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆவதும் வாடிக்கையாகிவிடுகிறது. பல பட்டறைகளில் இதற்கு வைத்தியம், சிடிஐ (பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), இக்னிஷன் காயில், பேட்டரி என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பதுதான். எலெக்ட்ரிக்கல் சாமானை உதிரிபாகக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. ஊகம் தப்பும் ஒவ்வொரு முறையும் பணம் கட்டுவது வண்டிக்காரர். விட்டு விட்டு வரும் பழுதில் பெரும்பாலும் கெட்டிருப்பது இணைப்பு. அதை அளந்தே பிடிக்கலாம்.

வண்டி அணைந்ததும் சாவியைத் தொடாமல் ஹாரனை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஹாரன், இண்டிகேட்டர் இரண்டும் செத்திருந்தால் பேட்டரி முனை, மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், எர்த் ஒயர் (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு இணைப்பது) ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். அவை நன்றாக இருந்து இன்ஜின் மட்டும் நின்றால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கில் சுவிட்ச், பிளக் கேப், பல்ஸர் காயில் (பொறி விழ வேண்டிய நேரத்தை சிடிஐக்குச் சொல்லும் காயில்) பக்கம் போகலாம். ஹெட்லைட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. பல பழைய வண்டிகளில் அது பேட்டரியைத் தொடாமல் இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் மேக்னட் காயிலிலிருந்தே எரிகிறது.

ஒயர் அறாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போது மல்டிமீட்டர் தரும் ‘பீப்’ சத்தத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. ஒயருக்குள் ஒரே ஒரு செப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். ஆனால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அந்த ஒற்றை இழை தாங்காது. ஆகவே லோடு ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். அதில் முடுக்கிய லக்கில் (ஒயர் நுனியின் உலோக வளையத்தில்) அல்ல. மறுமுனையை பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்தில் வைத்து செல்ஃபை அமுக்கினால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 0.5 காட்டினால் எர்த் இணைப்பில் துரு, அல்லது போல்ட் தளர்ச்சி. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்ஜின் 4,000 சுற்றில் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) சந்தேகிக்கலாம்.

ஹேண்டிலைத் திருப்பும்போது அணைகிற வண்டியில், டேங்குக்கு முன்னால் கழுத்துப் பகுதியில் வளையும் ஒயர் கட்டைப் பிரிக்க வேண்டும். மேல் உறை முழுசாகவே இருக்கும். ஒவ்வொரு ஒயராக விரலால் மெல்ல இழுத்தால், உள்ளே செம்பு அறுந்த இடத்தில் மட்டும் உறை ரப்பர்போல நீளும். அதையும் உறுதி செய்ய, சந்தேகப்படும் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டி, சாவியைப் போட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினால் போதும், உள்ளே அறுந்திருந்தால் பல்பு சிமிட்டும்.

அரை மணி நேரம் ஓடிய பிறகே நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் பல்ஸர் காயிலைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் அளவை (மின்தடையை) அளந்துவிட்டு, ஹேர் டிரையரால் சூடேற்றி மறுபடி அளக்க வேண்டும். சூட்டில் மீட்டர் இணைப்பு அறுந்ததாகக் காட்டினால் தயங்காமல் மாற்றலாம்.

வாட்டர் சர்வீஸில் டேங்குக்கு அடியில் பீய்ச்சும் தண்ணீர், ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் தங்கி, பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. கப்ளரைக் கழற்றி மாட்டியதும் தற்காலிகமாகச் சரியாகிவிடும். புதிதாகப் போட்ட சிடிஐக்குக் கிடைக்கும் நற்பெயர் பல நேரம் இப்படி வந்ததே. கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, தளர்ந்த பெண் பின்னை ஊசியால் நெருக்கி, ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவ வேண்டும். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த மழை வரைதான். உலோக இணைப்பானை நெருக்கிக் கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும், செப்புக் கம்பி சுற்றுவதும் ஒயரிங்கையே எரித்துவிடும்.

சர்வீஸ் நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். எலெக்ட்ரிக்கல் பாகம் மாற்றினால், மாற்றும் முன்னும் பின்னும் அளந்த எண்களை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். வண்டி நின்ற வேளையில் மழையா, இன்ஜின் சூடா, ஹேண்டில் எந்தப் பக்கம் இருந்தது என்று வண்டிக்காரரும் குறித்துக்கொண்டு போனால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன எலெக்ட்ரீஷியன்,
மதுரை.