இரண்டு குழாய், அறுபது பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். அன்று நம் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒவ்வொன்றாகத் தேய்க்கச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகளும் அழகாகக் கற்றுக்கொள்கிறார்கள். மறுநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அதே பிள்ளைகள் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு தட்டோடு ஓடுகிறார்கள். இதைப் பிள்ளைகளின் பழக்கக் குறை என்றே பலரும் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது குழாயின் குறை என்பது தெரியும்.

அறுபது பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கை கழுவ இரண்டு குழாய் இருக்கின்றன. நனைத்து, சோப்புப் போட்டு, 20 விநாடி தேய்த்து, அலசி முடிக்க ஒரு பிள்ளைக்கு 40 விநாடி ஆகும். குழாய்க்கு முப்பது பேர் என்றால் கடைசிப் பிள்ளை கை கழுவி முடிக்க 20 நிமிடம். அதற்குள் சோறு ஆறிவிடும், முன்னால் போனவர்கள் சாப்பிட்டு முடித்து விளையாடப் போயிருப்பார்கள். எந்தப் பிள்ளை வரிசையில் நிற்கும்? சாப்பிட்ட பிறகு மட்டும் எல்லாரும் கை கழுவுகிறார்கள், ஏனென்றால் கை பிசுபிசுக்கிறது. சாப்பிடும் முன் கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தத் தேவை இப்போது இரட்டிப்பாகியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. மிக நல்ல திட்டம். ஆனால் வழியெல்லாம் மண்ணில் ஆடிவிட்டு வரும் பிள்ளை, வகுப்பு தொடங்கும் முன் அந்தக் கையாலேயே கிச்சடியையும் பொங்கலையும் பிசைந்து சாப்பிடுகிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்துக் குடற்புழுவை நீக்குகிறோம். மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, அடுத்த வாரம் நகக்கண் வழியாகப் போகும் முட்டையைத் தடுக்காது. கொரோனாக் காலத்தில் வாங்கிப் பழகிய சானிடைசரும் இதற்கு உதவாது. உருண்டைப் புழுவின் முட்டை ஓடு தடித்தது, ஆல்கஹாலுக்கு மசியாது. தேய்த்து, ஓடும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகவிடுவது ஒன்றே வழி.

எனவே செய்ய வேண்டியது, ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் கை கழுவும்படி ஓர் அமைப்பு. பத்துக் குழாய்த் திருகு வாங்கிப் போடுவது பலரும் செய்யும் தவறு. ஒரே ஆண்டில் நான்கு ஒழுகும், இரண்டு உடையும், ஒன்றிரண்டு காணாமல் போகும். ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய் பத்தடி போதும். அடிப்பக்கமாக ஓர் அடிக்கு ஒன்று வீதம் மூன்று மில்லிமீட்டர் டிரில் பிட்டால் பத்துத் துளைகள் போட வேண்டும். ஆணியைக் காய்ச்சிக் குத்தினால் துளை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் அமைந்து தண்ணீர் ஒரே சீராக வராது. குழாயின் தொடக்கத்தில் ஒரே ஒரு பால் (பந்து) வால்வு வைத்தால் போதும். கேட் வால்வு வேண்டாம். அதைப் பல சுற்றுச் சுற்றித்தான் மூட முடியும், அதுவரை தண்ணீர் வீணாகும். பால் வால்வு கால் சுற்றில் திறந்து மூடும்.

மறுமுனையில் போடும் மூடியை ஒட்டிவிடக் கூடாது, மரையுள்ளதாகப் போட வேண்டும். வாரம் ஒருமுறை அதைக் கழற்றித் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் உள்ளே படிந்த மணலும் செதிலும் வெளியே வந்துவிடும். ஒட்டிவிட்ட இடங்களில் கடைசி மூன்று நான்கு துளைகள் சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்கின்றன. பிறகு அந்த அமைப்பையே கைவிட்டுவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் துளைகளில் வெள்ளையாகப் பொருக்கும் கட்டும், அதை ஊசியால் குத்திவிட்டால் போதும்.

உயரம் முக்கியம். கட்டும்போது கொத்தனார் தன் இடுப்பளவுக்கு வைத்துவிடுவார். முதல் வகுப்புப் பிள்ளை எட்டிக் கையை நீட்டினால் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போகும், அடுத்த நாள் அது குழாய்ப் பக்கம் வராது. தரையிலிருந்து இரண்டேகால் அடியில் துளை இருந்தால் ஐந்து வகுப்புக்கும் ஒத்துவரும். குழாயைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் ஐந்தைந்து பேராக, துளை மாற்றித் துளை, நெருக்கடி இல்லாமல் நிற்கலாம். மூன்றடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் பி.வி.சி. தொய்ந்துவிடும். வெயில் நேராக விழும் இடமானால் மேலே ஒரு தகரமோ ஓலையோ போடுங்கள். ஏப்ரல் மதியத்தில் குழாயில் வரும் முதல் தண்ணீர் கையைச் சுடும், பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்வார்கள்.

கழுவும் முறை எளிது. பத்துப் பேர் நின்றதும் வால்வை ஐந்து விநாடி திறந்து கை நனைத்து மூட வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே எல்லாரும் இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். நிறுத்திச் சொன்னால் அதற்கே 20 விநாடி ஆகிவிடும். மறுபடி 15 விநாடி திறந்து அலச வேண்டும். ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து ஓர் அணிக்கு ஒரு நிமிடம் அல்லது சற்றே கூடுதல். அறுபது பேரும் எட்டு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். தொட்டி எட்டடி உயரத்தில் இருந்தால் ஒரு துளையில் நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர் வரும். ஆக அறுபது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 40 லிட்டர்தான் செலவு. அரை அங்குலக் குழாயை 40 விநாடியும் திறந்தே வைத்துக் கழுவினால் இதே வேலைக்கு 240 லிட்டர் வரை போகும்.

சோப்பு அடுத்த சிக்கல். திண்டில் வைத்த சோப்பு ஒன்று தண்ணீரில் ஊறிக் கரையும், அல்லது காக்கை தூக்கிக்கொண்டு போகும். பூண்டு வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டு முடிச்சிட்டு, இரண்டு துளைகளுக்கு ஒன்றாகக் குழாயிலிருந்தே தொங்கவிடுங்கள். பிள்ளைகள் வலையோடு தேய்த்தாலே நுரை வரும், சோப்பும் நழுவி விழாது. திரவ சோப்புப் பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரு வாரத்துக்கானது ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

சாப்பிட்ட பிறகு தட்டுக் கழுவுவதை இந்தக் குழாயோடு சேர்க்கவே கூடாது. பெரும்பாலான பள்ளிகளில் கை கழுவும் இடம் பாழாவது இதனால்தான். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, முட்டைக் கரு, தக்காளித் தோல் எல்லாம் வடிகாலில் இறங்கி இரண்டு நாளில் நாறும். பிறகு அந்தப் பக்கம் போகவே பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். முதலில் மிச்சத்தை ஒரு வாளியில் தட்டிவிட்டு, பிறகு தனியாக உள்ள தொட்டியில் தட்டைக் கழுவட்டும். அந்த வாளியை ஆட்டுக்கோ கோழிக்கோ எடுத்துப் போக ஊரில் யாராவது கட்டாயம் இருப்பார்கள். வடிகால் வாயில் கழற்றிக் கழுவக்கூடிய கம்பி வலை ஒன்று இருக்க வேண்டும்.

கழிவுநீர் தேங்கினால் கொசு. மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி அடியில் உடைந்த செங்கல், மேலே ஜல்லி, அதன் மேல் மணல் போட்டால் அறுபது பிள்ளைகளின் கை கழுவும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். களிமண் நிலமான டெல்டா ஊர்களில் இது மெதுவாகத்தான் இறங்கும். அங்கே வாய்க்கால் இழுத்து வாழைக்கும் கல்வாழைக்கும் விடுவது நல்லது. முருங்கையை மட்டும் தள்ளி வையுங்கள், தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். எதுவானாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது விலகி இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு காலை எட்டரை மணிக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போவதுண்டு. பல ஊர்களில் ஊராட்சி மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடுபவர் ஒன்பது மணிக்கு மேல்தான் பள்ளிப் பக்கம் திறக்கிறார். மதிய உணவு மட்டும் இருந்த காலத்தில் அந்த நேரம் சரியாக இருந்தது. காலை உணவு வந்த பிறகும் நேரத்தை மாற்றாமல் இருப்பது கவனக்குறைவு. முதல் நாள் மாலையே பள்ளித் தொட்டி நிரம்ப வேண்டும். நிரம்பியதும் தானாக அடைக்கும் மிதவை வால்வும், இரவில் யாரும் திறந்துவிடாதபடி வெளிக்குழாய்க்கு ஒரு பூட்டும் வேண்டும்.

பணம் இல்லை என்று சொல்ல இடமில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. 2,500 ரூபாயில் ஆண்டு முழுவதற்கும் சோப்பு வாங்கலாம். மானியம் தாமதமாக வரும் ஆண்டுகளில் தலைமை ஆசிரியர்கள் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள், அந்த நிலை மாற வேண்டும். குழாய் அமைப்பு பிளம்பர் கூலியோடு சில ஆயிரங்களுக்குள் முடிகிற வேலை. நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஊராட்சிகள் ஒதுக்க வேண்டிய பங்கு இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அதைக் கிராம சபையில் எழுத்தாகக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். வாயால் கேட்டால் மறந்துபோகும்.

வால்வைத் திறந்து மூடும் பொறுப்பு, வலைப்பை கட்டும் பொறுப்பு, மிச்ச வாளிப் பொறுப்பு ஆகியவற்றை வருகைப் பதிவேட்டின் பெயர் வரிசைப்படி வாரம் ஒருவராக எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும். வாளியும் வடிகாலும் எப்போதும் சில பிள்ளைகளுக்கே, அல்லது பெண் பிள்ளைகளுக்கே என்று ஆகிவிடுவதை ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு நாளும் அனுமதிக்கக் கூடாது. கழிப்பறை கழுவுவது பிள்ளைகள் வேலையே அல்ல, அதற்குத் துப்புரவுப் பணியாளர் வேண்டும்.

மாவட்டக் கல்வி அலுவலர்களும் ஊரக வளர்ச்சித் துறையினரும் ஒன்று செய்யலாம். பள்ளிப் பார்வைக்குப் போகும்போது கை கழுவும் இடம் இருக்கிறதா என்று மட்டும் படிவத்தில் குறிக்காமல், சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் போய்க் கடைசிப் பிள்ளை கை கழுவ எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதட்டும்.

கோடை விடுமுறைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள், விடுமுறையெல்லாம் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தொட்டியிலிருந்து முழுவதும் வடித்து, உள்ளே தேய்த்துக் கழுவி, முனை மூடியைக் கழற்றிக் குழாயில் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு மூடியைப் பூட்டுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.