காடி ஏன் இடப்பக்கம் ஓடியது

மண்டபம்,
மே மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. மகள் வீட்டு அலமாரிக்குப் பூவரசம் பலகையில் தட்டு செருகக் காடி (நீளப் பள்ளம்) எடுத்தாய், பாதியிலேயே அது இடப்பக்கம் 3 மில்லி விலகிவிட்டது என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. "வயசாகிவிட்டது, கை நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓரத்தில் நீயே வரைந்திருக்கும் படத்தைப் பார். வழிகாட்டும் நேர்ச்சட்டத்தை, காடி எடுக்கும் ரூட்டர் மெஷினுக்கு வலப்பக்கம் பிடித்துவைத்து, மெஷினை முன்னால் தள்ளியிருக்கிறாய். அப்படி வைத்தால் இருபது வயசுப் பையன் தள்ளினாலும் விலகத்தான் செய்யும்.

மேலேயிருந்து பார்த்தால் ரூட்டரின் பிட், அதாவது வெட்டும் அலகு, கடிகார முள் போலச் சுற்றுகிறது. முன்னால் தள்ளும்போது மரத்தைக் கடிப்பது பிட்டின் முன்பக்கம். அங்கே அதன் வெட்டுவாய் இடமிருந்து வலமாக ஓடுகிறது. அது மரத்தை வலப்பக்கம் நெட்ட, மரம் மெஷினை இடப்பக்கம் நெட்டுகிறது. சட்டம் இடப்பக்கம் இருந்தால் அந்த நெட்டே மெஷினைச் சட்டத்தோடு ஒட்டவைக்கும். ஜெட்டியில் வள்ளம் கட்டுகிறோமே, அந்த மாதிரிதான். காற்று ஜெட்டியை நோக்கித் தள்ளினால் வள்ளம் தானாக அணைந்து நிற்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் கயிற்றைப் பிடித்துப் பிடித்தே கை ஓய்ந்துபோகும். நீ அன்றைக்குப் பிடித்தது அந்தக் கயிறு.

மெஷினோடு வரும் கைடைப் போட்டால் கணக்கு மாறும். அது பலகையின் வெளிவிளிம்பில் ஓடுவது. அதனால் அதை வலப்பக்கம் மாட்டு, இடப்பக்கம் இழுக்கும் இழுப்பே அதை விளிம்போடு இறுக்கிவிடும்.

அப்புறம் இன்னொன்று. உன் தட்டின் கனம் 18 மில்லி, பிட்டின் அகலம் 12. ஆக இரண்டு தடவை ஓட்டியாக வேண்டும். நான் அடிபட்டது இங்கேதான். போன வருஷம் ஒரு பெட்டிக்கு முதல் காடி எடுத்துவிட்டு, வலச்சுவரை அகலப்படுத்த அதே மாதிரி முன்னால் தள்ளினேன். மெஷின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. சுவரில் கட்டைவிரல் அளவுக்குச் செதில் பெயர்ந்தது. கையில் படாதது புண்ணியம். வலச்சுவரில் பிட்டின் வாய் நம்மை நோக்கி வருகிறது. சக்கரம் தரையைப் பிடிப்பதுபோல் அது மரத்தைப் பிடித்து மெஷினை முன்னால் இழுத்துவிடும். ஆகவே முதல் ஓட்டத்திலேயே காடியின் வலக்கோட்டை முடித்துவிடு. பிறகு சட்டத்தை 6 மில்லி இடப்பக்கம் நகர்த்தி, இடச்சுவரைச் சீவு. காடியின் 6 மில்லி ஆழத்தையும் ஒரே மூச்சில் எடுக்காதே. மூன்று மூன்றாக இறக்கு.

பனைச் சட்டத்தில் செய்யப்போகிறாய் என்றால் இன்னும் மெதுவாகப் போ. அந்தக் கறுப்பு நார் இரும்பு மாதிரி. நடுவிலுள்ள சோறு மெத்தென்று இருக்கும், நார் வந்ததும் பிட் அதிரும். சத்தம் மாறுவதைக் காதால் கேட்டே தள்ள வேண்டும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். பட்டறைக்கு வேலை குவிகிறது, எனக்கு அதில் சந்தோஷம்தான். புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகிறது. பேரன் வந்தபோது கூட்டிப் போய்க் காட்டினேன். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் என்று சொன்னதும் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்று நின்றான்.

கெட்டுப்போன பலகையை விறகாக்கிவிடாதே. அதே பூவரசில் ஒரு கீற்று சீவி, நாரோட்டம் பார்த்துக் காடியில் பசைபோட்டு இறக்கு. காய்ந்ததும் இழைத்துவிட்டு, மறுபடி கோடு போடு. ஜூன் 14 முடிந்து இங்கே வேலை ஓய்ந்ததும் தொண்டிக்கு வருகிறேன். இரண்டாவது பலகையை நான் வரும்வரை தொடாதே, சேர்ந்து எடுப்போம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய கூட்டாளி