பொருள்: டியூப் பவர் ஆம்ப் இடது சேனல் பழுது, சர்வீஸ் மறுப்பு

ஐயா,

வணக்கம். ஏழு போன், மூன்று மெயில், ஒரு சென்னைப் பயணம், அத்தனைக்கும் பிறகு எழுதுகிறேன்.

ஸ்பீக்கரை ஓட்டும் உங்கள் டியூப் (வெற்றிடக் குழாய்) பவர் ஆம்பை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாம் மாதமே இடது சேனலில் இ.எல்.34 என்ற பவர் டியூப் ஒன்றின் பிளேட் (உள்ளிருக்கும் உலோகத் தகடு) தணல் போலச் சிவக்க ஆரம்பித்துவிட்டது. "டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் போட்டிருக்கீங்கல்ல, அதான்" என்பது மட்டுமே உங்கள் ஆட்களின் பதில். பவர் ஆம்புக்கு முன்னால் இருந்து சிக்னல் அனுப்பும் என் ப்ரீஆம்ப், டியூப் இல்லாத டிரான்சிஸ்டர் வகை. வாங்கும் முன் கேட்டபோது "தாராளமா போடலாம்" என்று சொன்னதும் உங்கள் ஆள்தான்.

ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின்தடை) 100 ஓம். உங்கள் ஆம்பின் இன்புட் 1 லட்சம் ஓம் என்று உங்கள் கையேடே சொல்கிறது. இன்புட், அவுட்புட்டைப் போலப் பத்து மடங்கு இருந்தாலே போதும் என்கிற இடத்தில் ஆயிரம் மடங்கு இருக்கிறது. தலைகீழாக, டியூப் ப்ரீஆம்பை 10 ஆயிரம் ஓம் டிரான்சிஸ்டர் ஆம்பில் சொருகி, பேஸ் மெலிந்துவிட்டது என்று நான் வந்திருந்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ப்ரீஆம்பிலிருந்து வரக்கூடாத டி.சி. (நேர்மின்சாரம்) வருகிறதா என்றும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 2 மில்லிவோல்ட்தான்.

ஈரோட்டிலிருந்து 24 கிலோ ஆம்பை இரவு ரயிலில் உங்கள் சென்னை சர்வீஸ் சென்டருக்குத் தூக்கி வந்தேன். மாடிப்படியில் ஒரு கை பிடித்தவர் வாட்ச்மேன் மட்டும்தான், அவருக்கு நன்றி. கவுண்டரில் இருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "டியூப் ஆம்ப் வெச்சுக்கத் தெரியாதவங்க ஏன் சார் வாங்கறீங்க?" என்றார். எனக்கு 58 வயது. மூடியைக் கூடத் திறக்காமல் ஜாப் ஷீட்டில் "உபயோகிப்பவர் தவறு" என்று எழுதிக் கொடுத்தார். திறக்காமல் எப்படித் தெரிந்தது? அன்று இரவே திரும்பினேன், முதுகு இன்னும் நேராகவில்லை.

சொல்ல விட்டுவிட்டேன், டியூப்களை இடம் மாற்றியும் போட்டுப் பார்த்தாயிற்று. சிவப்பு அதே சாக்கெட்டில்தான். நண்பரின் டியூப் ப்ரீஆம்பை மாட்டியபோதும் அதேதான். அப்படியானால் கோளாறு உங்கள் பெட்டிக்குள். டி.சி.யைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்து, டியூபின் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் போனால், கரண்ட்டை அடக்கி வைக்கும் நெகட்டிவ் வோல்டேஜான பயாஸ் விழுந்து பிளேட் சிவக்கும். இது உங்களுக்குத் தெரியாததா? அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருந்தால் என் வாழ்நாள் சேமிப்பே போனமாதிரி. இரண்டு மாதமாக வீட்டில் ஒரு பாட்டு இல்லை.

தயவுசெய்து 15 நாளுக்குள் ஆளனுப்பி ஆம்பை எடுத்துப் போய், கெபாசிட்டரையும் பயாஸையும் பார்த்து, புது ஜோடி டியூப் போட்டுக் கொடுங்கள். ரயில் செலவும் வேண்டும். அந்தக் கவுண்டர்காரர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோடு நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம், நீங்கள்தான் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பில், ஜாப் ஷீட், சிவந்த டியூபின் வீடியோ இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஈரோடு வாடிக்கையாளர்